சோக்கலோ சதுக்கத்துக்கு ஆறு நிமிட நடை: மெக்சிக்கோ நகர மையத்தில் நான்கு இரவுகள்

ரொறன்ரோவிலுள்ள அக்காவின் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுக் கொழும்பு திரும்பும் முன்னர் மெக்சிக்கோ நகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் விருப்பமாக இருந்தது. முப்பது ஆண்டுகள் படவரைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர், ஏரியின் மேல் எழுப்பப்பட்டு இன்றும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு நகரத்தைக் கண்ணால் காண ஆசைப்பட்டார். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் ரொறன்ரோ சென்று வருகின்றன. கனடாவின் செல்லுபடியாகும் விசா கையில் இருப்பவர்களுக்கு மெக்சிக்கோ தனி விசா கேட்பதில்லை என்பதால் (புறப்படும் முன் தூதரகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்), எங்களைப் போலவே அங்கே போக நினைப்பவர்கள் இருப்பார்கள் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தங்கிய ஹோட்டல் பழைய நகரத்தின் நடுவே, மதேரோ தெருவுக்கு இணையாகச் செல்லும் ஒரு தெருவில் இருந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு தளங்களாக அறைகள் அமைந்த பழைய கட்டடம் அது. அந்த வட்டாரத்தில் இதே அமைப்பும் இதே தரமும் கொண்ட ஹோட்டல்கள் பல இருப்பதால், கட்டிலையும் குளியலறையையும் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. இந்த ஹோட்டலுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் அதன் வாசற்படிக்குக் கொடுக்கும் பணம் என்றே நான் கருதுகிறேன். படியிறங்கிக் கிழக்கே திரும்பினால் ஆறு நிமிடத்தில் சோக்கலோ சதுக்கம். மேற்கே திரும்பினால் ஏறக்குறைய அதே நேரத்தில் பெயாஸ் ஆர்த்தெஸ் கலை மாளிகை. முழங்கால் வலியுள்ள, எழுபதைக் கடந்த ஒருவருடன் நான்கு நாட்கள் சுற்றிப் பார்த்ததில் வாடகைக் கார் தேவைப்பட்டது இரண்டே முறைதான்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட உயரம், சிவனொளிபாதமலையின் உச்சி 2243 மீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உச்சியில் ஒரு பெருநகரம் பரந்து கிடப்பதைப் போன்றது. முதல் நாள் இரண்டு மாடிப்படி ஏறியதும் எனக்கே மூச்சு வாங்கியது. ஆகையால் முதல் நாளில் எதையும் திட்டமிடாமல், நிறையத் தண்ணீர் குடித்து, சதுக்கம் வரை மட்டும் நடந்து திரும்புவது நல்லது. கொழும்புக்கும் அங்குக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், நேரே கொழும்பிலிருந்து செல்பவர்களுக்கு அந்த ஓய்வு இன்னும் அவசியமாகும்.

சோக்கலோ என்ற சொல்லுக்குப் பீடம் என்று பொருள். 1843இல் சுதந்திரத்துக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பத் திட்டமிட்டு, பீடத்தைக் கட்டியதுடன் வேலை நின்றுபோனதாம். தூண் வராமலே பீடத்தின் பெயர் சதுக்கத்துக்கு நிலைத்துவிட்டது. மாலை 6 மணியளவில் படைவீரர்கள் அணிவகுத்து வந்து, சதுக்கத்தின் நடுவே பறக்கும் மாபெரும் தேசியக் கொடியை இறக்கிச் சுருட்டி எடுத்துச் செல்வார்கள். காலி முகத்திடலில் கொடியிறக்கும் நிகழ்வைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி பழக்கமானதாகவும், கொடியின் அளவினால் புதியதாகவும் தோன்றியது.

சதுக்கத்தின் வடக்கே நிற்கும் பேராலயம் 1573இல் தொடங்கப்பட்டு 1813இல் நிறைவெய்தியது. 240 ஆண்டுகள் கட்டியதால் ஒவ்வொரு காலத்தின் கைவரிசையும் அதில் தெரிகிறது. பெரும்பாலான பயணிகள் பொன் முலாம் பூசிய பலிபீடங்களைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறார்கள். அப்பா நின்ற இடமோ வேறு. விதானத்திலிருந்து நீண்ட கம்பியில் தொங்கவிடப்பட்ட தூக்குக்குண்டு ஒன்று நடுக்கூடத்தில் இருக்கிறது. கட்டடம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து வந்திருக்கிறது என்பதை அதன் கீழே தரையிலுள்ள குறிகள் காட்டுகின்றன. "இதைப் பார் பிள்ளை, மேசன்மார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அரை மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. ஏரிப்படுகையின் மென்மையான களிமண்ணும், நகரத்தின் தேவைக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பதும் இந்தத் தாழ்வுக்குக் காரணங்கள். அடியிலுள்ள பழைய கோயில்களின் இடிபாடுகள் சில இடங்களில் மண்ணைக் கெட்டியாக வைத்திருப்பதால், ஆலயம் ஒரே சீராகவும் தாழ்வதில்லை. 1990களில், குறைவாகத் தாழ்ந்திருந்த பகுதிகளுக்கு அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, கட்டடம் முழுவதையும் ஓரளவு நேர்ப்படுத்தியிருக்கிறார்கள். நடக்கும்போது தரை ஏறி இறங்குவதைப் பாதமே உணர்ந்துகொள்ளும்.

ஆனால் இந்த வட்டாரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், பேராலயத்தின் வலப்பக்கத்தில் கிடக்கும் தெம்ப்லோ மயோர் என்ற பெருங்கோயிலின் அகழ்விடத்துக்கே செல்லுங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். அஸ்தெக் மக்கள் 1325இல் ஏரித்தீவில் நிறுவியதாகச் சொல்லப்படும் தெனோச்தித்லான் நகரத்தின் நடுநாயகமாக இருந்த கோயில் இது. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. கோயிலை இடித்து, அதன் கற்களையே எடுத்துப் புதிய நகரத்தையும் ஆலயத்தையும் கட்டினார்கள். அதன்பின் அது தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் மறைந்து கிடந்தது. 1978 பெப்ரவரி 21 அன்று மின்சாரக் கம்பனியின் தொழிலாளர்கள் தெருமுனையில் குழி தோண்டியபோது அகப்பட்டது, 3.25 மீற்றர் விட்டமும் ஏறக்குறைய 8 தொன் எடையும் கொண்ட வட்டக் கல். தலையும் கைகால்களும் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் தெய்வத்தின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து தொல்லியலாளர் எதுவார்தோ மாத்தோஸ் மொக்தேசுமாவின் தலைமையில் பெரும் அகழாய்வு நடந்தது. மேலிருந்த கட்டடங்கள் பலவற்றை அகற்றிவிட்டு, கோயிலின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார்கள்.

நடைபாதை அந்த இடிபாடுகளின் ஊடாகவே செல்கிறது. ஒவ்வோர் அரசரும் பழைய கோயிலை இடிக்காமல், அதைச் சுற்றி மூடிப் பெரிதாகக் கட்டிக்கொண்டே போனதால், வெங்காயத் தோல்போல ஒன்றினுள் ஒன்றாக ஏழு கட்டங்களின் படிக்கட்டுகள் தெரிகின்றன. உச்சியில் இரண்டு சன்னிதிகள் இருந்தனவாம்: ஒன்று மழைத்தெய்வம் த்லாலொக்குக்கு, மற்றது போர்த்தெய்வம் வித்சிலோபொச்த்லிக்கு. பிறக்கும்போதே ஆயுதம் தாங்கி வந்த அந்தப் போர்த்தெய்வம், தாயைக் கொல்ல வந்த தமக்கை கொயோல்ஷாவ்கியை வென்று, மலையிலிருந்து உருட்டிவிட்டதாகப் புராணம் சொல்கிறது. வட்டக் கல்லில் துண்டுபட்டுக் கிடப்பவள் அந்தத் தமக்கைதான். அதனாலேயே கல்லை அவன் சன்னிதிப் படிக்கட்டின் அடியில் பதித்திருந்தார்கள். அகழ்விடத்தோடு இணைந்த அருங்காட்சியகத்தில் அந்தக் கல் இப்போது இருக்கிறது. கீழே நின்று பார்ப்பதைவிட, மேல்தளத்துக்கு ஏறி, அங்கிருந்து குனிந்து பாருங்கள். சுழன்று விழும் உடலின் அசைவு அப்போதுதான் பிடிபடும். 2006இல் அருகிலேயே கிடைத்த, ஏறத்தாழ 12 தொன் எடையுள்ள த்லால்தெகூத்லி என்ற நிலத்தெய்வத்தின் கல்லும் அங்கே இருக்கிறது. அதில் பழைய வண்ணத்தின் சாயல் இன்னும் எஞ்சியிருக்கிறது.

திருகோணமலையில் பிறந்த அம்மாவின் வழியாகக் கோணேசர் கோயிலின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனதும், பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல் கோட்டை வாயிலில் இன்றும் நிற்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்தவை. அப்படியொரு நினைவோடு செல்பவருக்கு, பேராலயத்தின் சுவரையும் அதன் நிழலில் திறந்து கிடக்கும் கோயில் அடித்தளத்தையும் ஒரே பார்வையில் காண்பது சாதாரண அனுபவமாக இருக்காது. நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசாமல் நின்றோம். இங்கே ஒரு நகரம் தன் தலைமைச் சதுக்கத்தின் ஓரத்திலேயே வீடுகளை அகற்றி, இடிக்கப்பட்டதை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், வெயிலுக்குத் தொப்பி வேண்டும்.

சதுக்கத்தின் கிழக்கிலுள்ள தேசிய மாளிகையின் படிக்கட்டுச் சுவரில் ஓவியர் டியேகோ ரிவேரா 1929 முதல் 1935 வரை தீட்டிய மெக்சிக்கோவின் வரலாறு புகழ்பெற்றது. ஆனால் மாளிகை ஜனாதிபதியின் அலுவலகமாகவும் இருப்பதால், உள்ளே செல்வதற்கு எல்லா நாளும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஏமாற்றம் வேண்டாம். அங்கிருந்து சில நிமிட நடையில், பழைய கல்வி அமைச்சுக் கட்டடத்தின் இரண்டு பெரிய முற்றங்களைச் சுற்றிய விறாந்தைகளில், ரிவேரா 1923 முதல் 1928 வரை வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன. கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வஸ்கொன்செலோஸ், எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் வரலாறு போய்ச் சேர வேண்டும் என்று ஓவியர்களிடம் அரசுச் சுவர்களைக் கையளித்த காலம் அது. கூட்டம் குறைவு, ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். நெசவாளர், சாயம் தோய்ப்போர், கரும்பு ஆலையில் பாகு காய்ச்சுவோர் என்று உழைப்பாளர் முற்றம் முழுவதும் வேலை செய்யும் உடல்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தொழிலாளி எதையும் திருடவில்லை என்று காட்டுவதற்காக இரு கைகளையும் விரித்து நிற்க, மேற்பார்வையாளன் அவனைச் சோதிக்கும் ஓவியத்தைப் பார்த்தபோது, மலையகத்தில் கொழுந்துக் கூடையை நிறுவைக்கு வைத்துவிட்டுக் கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்த்து நிற்கும் பெண்களே எனக்கு நினைவில் வந்தார்கள்.

அதே பக்கத்தில் சாந்தோ தொமிங்கோ என்ற சிறு சதுக்கம் இருக்கிறது. வழிகாட்டிப் பிரசுரங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடம் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. தூண்கள் வரிசையாக நிற்கும் வளைவுக் கூரையின் கீழ், எழுத்தர்கள் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பம், முறைப்பாடு, சில வேளை காதல் கடிதம் என்று எழுதத் தெரியாதவர்களுக்காக எழுதிக்கொடுக்கும் தொழில் அங்கே தலைமுறைகளாக நடந்து வருகிறது. அருகில் அழைப்பிதழும் விசிட்டிங் கார்டும் அச்சடிக்கும் சிறு கடைகள். புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றி மேசை போட்டு மனு அடித்துக்கொடுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே முகங்கள், அதே பொறுமை. ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாத அப்பா, அங்கிருந்த முதியவர் ஒருவரின் பொறியைச் சுட்டி ஏதோ கேட்க, அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்து, அப்பாவின் பெயரை அப்பாவே தட்டச்சு செய்ய விட்டார். அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டு மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது.

மேற்குப் பக்கம் செல்வதற்கு மதேரோ தெருவே வழி. 2010 முதல் வாகனங்கள் இல்லாமல் நடப்பவர்களுக்கு மட்டும் விடப்பட்டிருக்கும் இந்தத் தெருவில் மாலை வேளைகளில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஈடான நெரிசல். கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் எங்கும் இருப்பவைதான். தெருவின் முடிவிலுள்ள ஓடுகளின் மாளிகையில் மட்டும் நிற்க வேண்டும். வெளிச்சுவர் முழுவதும் நீலமும் வெள்ளையுமான பூவேலை ஓடுகள் பதித்த அந்தப் பழைய மாளிகையின் நடுமுற்றத்தில் இப்போது உணவகம் நடக்கிறது. படிக்கட்டில் ஓரோஸ்கோ என்ற ஓவியர் 1925இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. ஒரு கோப்பி குடித்தபடி அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

அதற்கு எதிர்ப்புறமாகச் சிறிது நடந்தால் அஞ்சல் மாளிகை. 1907இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் இன்றும் அஞ்சலகமாகவே இயங்குகிறது. இத்தாலியில் வார்த்த வெண்கலப் படிக்கட்டு இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஏறிச்செல்ல, கீழே பளபளக்கும் வெண்கலச் சாளரத்தின் பின்னால் ஊழியர் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். நான் வெள்ளவத்தைக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினேன். ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே நிற்கும் நம்முடைய பழைய பொது அஞ்சலகமும் 1895ஆம் ஆண்டின் அழகான கட்டடம். அதில் முத்திரை வாங்க வரிசையில் நின்ற காலத்தை அப்பா நினைவுகூர்ந்தார். பழைய கட்டடத்தைப் பழைய வேலைக்கே தொடர்ந்து பயன்படுத்துவதைப் போல அதற்குச் செய்யும் மரியாதை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெயாஸ் ஆர்த்தெஸ் மாளிகையும் அஞ்சல் மாளிகையை வரைந்த இத்தாலியக் கட்டடக் கலைஞர் அதாமோ போவாரி தொடங்கியதே. 1904இல் தொடங்கிய வேலை, மண் தாழ்ந்ததாலும் புரட்சியாலும் தடைப்பட்டு, பெதெரிகோ மரிஸ்கால் என்பவரின் கையில் 1934இல் நிறைவேறியது. வெளியே வெண்பளிங்கு, உள்ளே முற்றிலும் வேறொரு காலத்தின் நேர்கோடுகள். மேல்தளத்தில், நியூயோர்க்கின் ரொக்கபெலர் மையத்தில் அழிக்கப்பட்ட தன் ஓவியத்தை ரிவேரா 1934இல் மீண்டும் தீட்டிய சுவர் இருக்கிறது. அதற்காகவே நுழைவுச்சீட்டு வாங்கலாம். வெளியிலிருந்து மாளிகையை முழுமையாகப் பார்க்க, எதிரேயுள்ள சியர்ஸ் கட்டடத்தின் மேல்தளச் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லுங்கள். செம்மஞ்சள் கும்மட்டம் நேர் எதிரே தெரியும்.

அதே சந்தியில் 1956இல் திறந்த 44 மாடிகளைக் கொண்ட லத்தீன் அமெரிக்கக் கோபுரம் நிற்கிறது. களிமண்ணின் கீழேயுள்ள கெட்டியான படை வரை தூண்களை இறக்கிக் கட்டியதால், 1957, 1985, 2017 ஆகிய ஆண்டுகளின் பெரு நிலநடுக்கங்களைத் தாங்கி நிற்கிறது. எடை தாங்காமல் தாழ்ந்த பளிங்கு மாளிகையும் அசையாத கோபுரமும் ஒரே தெருவின் இரு பக்கங்களில் நிற்பதை அப்பா தன் குறிப்பேட்டில் குறுக்குவெட்டாக வரைந்துகொண்டார். கோபுரத்தின் மேலேறிப் பார்ப்பது பற்றி எனக்கு அவ்வளவு பரிந்துரை இல்லை. புகை மூட்டமான நாளில் எரிமலைகள் தெரியாது, வரிசையோ நீளமானது.

அருகிலுள்ள அலமேதா பூங்கா 1592இல் அமைக்கப்பட்டது. அதன் மறுமுனையிலுள்ள சிறிய அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு ஹோட்டலின் உணவுக்கூடத்துக்காக ரிவேரா 1947இல் தீட்டிய, ஏறக்குறைய 15 மீற்றர் நீளமுள்ள ஒரே ஓவியத்துக்காகக் கட்டிய இடம் அது. 1985 நிலநடுக்கத்தில் அந்த ஹோட்டல் சிதைந்தபோதும் ஓவியச் சுவர் தப்பியது. அதை அப்படியே பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். பூங்காவில் ஞாயிறு மாலை உலாவும் நாலு நூற்றாண்டு மனிதர்களின் நடுவே, சிறுவனாக ரிவேராவும், அவர் கையைப் பிடித்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியும், பின்னால் அவர் மனைவியும் ஓவியருமான பிரீடா காலோவும் நிற்கிறார்கள். எதிரே இருக்கைகள் இருப்பதால் முழங்கால் வலிப்பவர்களுக்கும் ஏற்ற இடம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொச்சிக்காயும் பப்பாசியும் கொய்யாவும் சோளமும் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்தே நம்மிடம் வந்தவை. புளியும் மாங்காயும் நம் பக்கத்திலிருந்து அங்கே போயின. தெருவோர வண்டியில் மாங்காய்த் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துக் கொடுத்தபோது காலி முகத்திடலில் நிற்பதைப் போலவே இருந்தது. புளிச்சாறு குளிர்பானமாக எங்கும் கிடைக்கும். சைவ உணவுக்காரரும் முஸ்லிம் வாசகரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரைத்துத் தாளித்த பயறு பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் செய்யப்படுகிறது. 'மந்தேக்கா' சேர்த்ததா என்று கேளுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் கோழியைக் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. ஆகவே கோழி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுப்பது நல்லது. தண்ணீர் போத்தலில் மட்டும் குடியுங்கள்.

வாடகைக் காரில் போன இரண்டு இடங்களில் ஒன்று, சபுல்தெபெக் பூங்காவிலுள்ள தேசிய மானிடவியல் அருங்காட்சியகம். 1790இல் சோக்கலோ சதுக்கத்தைத் தோண்டியபோது கிடைத்த அஸ்தெக் மக்களின் சூரியக் கல் அங்கேதான் இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஹோட்டலின் குறைகளையும் மறைக்கவில்லை. தெருப்பக்க அறையில் எங்களுக்கு முதல் இரவு தூக்கமே இல்லை. பகலில் கைப்பிடியைச் சுற்றி இசைப்பெட்டி வாசிப்பவர்கள், இரவில் மதுச்சாலைகளின் பாட்டு, விடியுமுன் குப்பை வண்டி. மறுநாள் கேட்டதும் முற்றத்தைப் பார்த்த அறைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். வெளிச்சம் குறைவு, ஆனால் அமைதி. மின்தூக்கி ஒன்றுதான், அதுவும் ஒரு பிற்பகல் முழுவதும் வேலை செய்யவில்லை. முதியவர்களுடன் போனால் முதலாம் தளத்தில் அறை கேளுங்கள். குளிரூட்டி இல்லை, அந்த உயரத்தில் தேவையும் இல்லை. காலையில் எட்டு மணிக்குப் பிறகு வெந்நீர் குறைந்துவிடும். வரவேற்பு மேசையிலிருந்த பெண் அப்பாவின் நடையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பேராலயத்துக்குப் படியில்லாத வாசலைப் படம் வரைந்து காட்டினார். செவ்வாய்க்கிழமை வந்து சனிக்கிழமை புறப்படும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், எல்லா அருங்காட்சியகங்களும் திறந்திருக்கும் நாட்களாகவே அமையும்.